தேர்வில் தவறவிடும் பள்ளி: லண்டனில் ஒரு ஷோட்டோகான் கராத்தே வகுப்பு

கடந்த நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்பத்து நான்கு வயதில், என் பதினோரு வயது மகளின் கண்முன்னே நான் கராத்தே பட்டைத் தேர்வில் தவறினேன். அவள் தேறிவிட்டாள். காரில் வீடு திரும்பும்போது வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா, உங்க பின்குதிகால் தூக்கிக்கிட்டே இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். தேர்வாளர் என் தாளில் எழுதியிருந்ததும் அதைத்தான். மூன்று ஆண்டுகளாக மாதந்தோறும் கட்டிவரும் பணத்துக்கு இந்த வகுப்பு எதைத் தருகிறது என்பது அன்றுதான் எனக்குச் சரியாக விளங்கியது என்பதால், இதை எழுதுகிறேன்.

வகுப்பு நடப்பது வடமேற்கு லண்டனில், ஒரு தேவாலயத்தை ஒட்டிய சமூகக் கூடத்தில். செவ்வாயும் வியாழனும் மாலையில் ஒன்றரை மணி நேரம். கற்றுத் தருவது ஷோட்டோகான் பாணி. சங்கத்தின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன் என்பது ஒரு காரணம். ஒரே வேரிலிருந்து கிளைத்த இத்தகைய வகுப்புகள் பிரிட்டனின் பல ஊர்களிலும் இருப்பதால், பெயரைவிட வகையைத் தெரிந்துகொள்வதே சேர நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பது மற்றொன்று. பெரியவர்களுக்கு மாதம் 38 பவுண்டு, பிள்ளைகளுக்கு 30 பவுண்டு. காப்பீட்டுடன் கூடிய உரிமத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்ட வேண்டும். தேர்வுக்குத் தனிக் கட்டணம். ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது. வேண்டாம் என்று தோன்றினால் அடுத்த மாதம் கட்டாமல் நின்றுவிடலாம்.

ஒப்பந்தம் இல்லை என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதற்கு முன் மகளைச் சேர்த்திருந்த இடம் கடைத்தெருவில், கண்ணாடி முகப்பும் குளிர்சாதனமும் கொண்டது. பதினெட்டு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்றே ஆண்டில் கறுப்புப் பட்டை என்று சுவரில் பெரிய சுவரொட்டி ஒட்டியிருந்தது. ஆறு வாரத்துக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு கட்டணம், பட்டையில் ஒட்ட ஒரு வண்ண நாடா. ஒன்பது மாதத்தில் அவளுக்கு நான்கு நிறங்கள் மாறின. அங்கே ஒருவர்கூடத் தவறி நான் பார்த்ததில்லை. ஒருநாள் கூடத்தில் விளையாட்டாக, "எங்கே, ஒரு குத்து விடு பார்ப்போம்" என்று கையை நீட்டினேன். முழங்கை வெளியே விரிந்து, மணிக்கட்டு மடங்கி, குத்து என் உள்ளங்கையில் ஈரத்துணி போல விழுந்தது. மிச்சமிருந்த மாதங்களுக்கான பணத்தைக் கட்டிவிட்டு வெளியேறினோம்.

இப்போதைய வகுப்பின் கூடத்தில் கண்ணாடிகள் இல்லை. மரத்தரையில் பேட்மின்டன் கோடுகள் தேய்ந்து கிடக்கின்றன. மூலையில் அடுக்கிய நாற்காலிகள், சமையலறைச் சாளரம், பகலில் முதியோர் சங்கம் குடித்த தேநீரின் வாசம். ஆசிரியர் லங்காஷயர்க்காரர், அறுபதைக் கடந்தவர், மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் தோள்பையிலிருந்து, துண்டில் சுற்றிய ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் சாய்த்து வைப்பார். வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் முப்பது பேர் மண்டியிட்டு அந்த நாற்காலியை நோக்கித் தலை வணங்குகிறோம். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. கொலுப்படி அளவுக்குக்கூட உயரமில்லாத ஒரு நாற்காலிக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன்.

படத்தில் இருப்பவர் கிச்சின் ஃபுனாகோஷி. 1868-இல் ஒகினாவாவின் ஷூரியில் பிறந்தவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். 1922-இல் தோக்கியோவில் நடந்த உடற்பயிற்சிக் கண்காட்சி ஒன்றில் ஒகினாவாவின் கைப்போர்க் கலையைச் செய்துகாட்டச் சென்றவர், அங்கேயே தங்கிவிட்டார். ஒகினாவா ஜப்பானின் ஒரு பகுதிதான் என்றாலும், தலைநகரத்தாருக்கு அது தொலைதூரத் தீவு. அதன் பேச்சும் பழக்கமும் வேறு. ஆகவே தோக்கியோவில் அவர் நிறுவியதையே இந்தக் கலையின் முதல் அயலூர்ப் பள்ளி என்று சொல்லலாம். ஊர்ப் பேச்சில் இருந்த பயிற்சி வரிசைகளின் பெயர்களை ஜப்பானியர் வாயில் நுழையும் பெயர்களாக மாற்றினார். சீனக் கை என்று பொருள்பட எழுதப்பட்ட கராத்தே என்னும் சொல்லை, அதே ஒலிப்பில், வெறுங்கை என்று பொருள்பட எழுதலானார். ஜூடோவின் படிநிலை முறையை எடுத்துக்கொண்டு 1924-இல் முதன்முதலாகக் கறுப்புப் பட்டைத் தகுதி வழங்கினார். ஷோட்டோ என்பது அவர் கவிதை எழுதும்போது வைத்துக்கொண்ட புனைபெயர். பைன் மரங்களில் காற்று எழுப்பும் அலையைக் குறிப்பது. மாணவர்கள் பணம் திரட்டி 1939-இல் திறந்த பயிற்சிக் கூடத்துக்கு அந்தப் பெயரோடு 'கான்', அதாவது மனை என்பதைச் சேர்த்துப் பெயரிட்டார்கள். ஆறே ஆண்டில், 1945-இன் விமானத் தாக்குதலில், அந்தக் கட்டடம் எரிந்துபோயிற்று. இன்று உலகம் முழுவதும் வழங்கும் பெயர், இல்லாமல் போன ஒரு கட்டடத்தின் பெயர்தான். பையில் வைத்துத் தூக்கிச் செல்லும் படத்தோடு ஒரு வாடகைக் கூடத்தில் வகுப்பு நடப்பது இதற்குப் பிறகு எனக்கு விந்தையாகப் படவில்லை.

கட்டடம் போனாலும் முறை தங்கியது. 1949-இல் ஜப்பான் கராத்தே சங்கம் உருவாயிற்று. அதன் தலைமைப் பயிற்றுநரான மசாதோஷி நக்கயாமா செய்த ஏற்பாடுகளில், என் செவ்வாய்க்கிழமையை இன்றும் தீர்மானிப்பது 1956-இல் தொடங்கிய பயிற்றுநர் வகுப்புதான். நன்றாகச் சண்டையிடுபவர் நன்றாகக் கற்றுத் தருவார் என்று விட்டுவிடாமல், பல்கலைக்கழகச் சங்கங்களில் தேறிய இளைஞர்களைப் பொறுக்கி எடுத்து, கற்பிக்கும் தொழிலையே அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அந்த இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கடல் கடந்தார்கள். 1961-இல் ஹிதேதாகா நிஷியாமா லாஸ் ஏஞ்சலிசுக்கும் தெருயுகி ஒகசாகி ஃபிலடெல்பியாவுக்கும் சென்றனர். அதே ஆண்டு ஹிரோகாசு கனசாவா ஹவாய்க்குச் சென்றார்.

பிரிட்டனின் கதை சற்று வேறு மாதிரித் தொடங்குகிறது. இங்கே முதலில் ஆசிரியர் வரவில்லை. ஆசிரியரைத் தேடி மாணவர் போனார். வெர்னன் பெல் என்ற ஜூடோ, ஜுஜுத்சு ஆசிரியர் பாரிஸுக்குச் சென்று ஆன்றி பிளே என்பவரிடம் கராத்தே பயின்று, எசெக்ஸின் ஹார்ன்சர்ச்சில் தம் பெற்றோர் வீட்டுத் தோட்டத்தில் வகுப்புகளைத் தொடங்கி, 1957-இல் பிரிட்டிஷ் கராத்தே கூட்டமைப்பை நிறுவினார். பாரிஸில் இருந்த தெத்சுஜி முராகாமியை அவ்வப்போது வரவழைத்தார். அதுவும் போதாமல், ஜப்பான் கராத்தே சங்கத்துடன் கடிதத் தொடர்பு கொண்டு, 1965 ஏப்ரலில் நான்கு பயிற்றுநர்களை லண்டனுக்கு வரவழைத்தார்: தைஜி காசே, கனசாவா, கெய்னொசுகே எனோயேடா, ஹிரோஷி ஷிராய். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்துகாட்டல்களை நடத்தியபடி வந்த குழு அது. கனசாவா, சங்கத்தின் முதல் அனைத்து ஜப்பான் போட்டியை 1957-இல் கையெலும்பு முறிந்த நிலையிலேயே வென்றவர். ஷிராய் 1962-இலும் எனோயேடா 1963-இலும் அதே பட்டத்தை வென்றவர்கள். மூத்தவர் காசே.

கனசாவா லண்டனில் தங்கிக் கற்பித்தார். எனோயேடா சிறிது காலத்தில் லிவர்பூலுக்குச் சென்றார். அங்கே ரெட் டிரையாங்கிள் என்ற சங்கம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. துறைமுகத் தொழிலாளர் நகரம். பயிற்சிக்கு வந்தவர்கள் பகலில் உடலால் உழைத்துவிட்டு மாலையில் மீண்டும் உடலை வருத்த வந்தவர்கள். பிரிட்டனில் ஷோட்டோகான் கறுப்புப் பட்டை பெற்ற முதல் சிலரில் ஒருவரான ஆன்டி ஷெர்ரி அந்தச் சங்கத்தவர். கனசாவாவின் ஒப்பந்தக் காலம் முடிந்த 1966-இல், பல சங்கங்கள் பெல்லின் கூட்டமைப்பிலிருந்து விலகி, கிரேட் பிரிட்டன் கராத்தே ஒன்றியத்தை அமைத்தன. கனசாவா நெடுங்காலம் இங்கே இருக்கவில்லை. காசே பாரிஸிலும் ஷிராய் மிலானிலும் நிலைகொண்டார்கள். எனோயேடாதான் இங்கிலாந்துக்காரர் ஆனார். ஒன்றியத்தின் தலைமைப் பயிற்றுநராக, 2003-இல் இறக்கும்வரை கற்பித்தார். புலி என்று அவரை அழைத்தார்கள். லண்டனில் அவருடைய டோஜோ, அதாவது பயிற்சிக் கூடம், சோஹோவின் மார்ஷல் தெருக் குளியல் கூடத்தில் இருந்தது. நீச்சல் குளமும் சலவைக் கூடமும் இருந்த நகராட்சிக் கட்டடத்தில் ஒரு கூடம். அதுவும் வாடகைக் கூடம்தான்.

எங்கள் ஆசிரியர் 1970-களில் சிறுவனாகச் சேர்ந்தவர். எனோயேடா நடத்திய கிரிஸ்டல் பேலஸ் பயிற்சி முகாம்களுக்கு, விடுமுறையைச் சேமித்து வைத்துக்கொண்டு, வடக்கிலிருந்து பேருந்தில் வருவாராம். எனோயேடாவைப் பற்றி அவரிடம் கேட்டால் வீரக்கதை எதையும் சொல்வதில்லை. "ஒரு மணி நேரம் ஒரே குத்தைத்தான் போட வைத்தார், அடுத்த நாளும் அதையே போட வைத்தார்" என்பார். நான்கு பயிற்றுநர்கள் வந்து இறங்கிய பத்தாவது ஆண்டில், 1975-இல், லாங் பீச்சில் நடந்த உலகப் போட்டியில் பிரிட்டன் குழுச் சண்டைப் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆசிரியர்களை அனுப்பிய நாட்டையே பத்தாண்டில் பின்தள்ளினார்கள் என்பதை அவர் எவ்வளவு அடக்கத்தோடு சொன்னாலும் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்துவிடுகிறது.

இவ்வளவு வரலாற்றை ஒரு வகுப்பின் மதிப்புரையில் ஏன் சொல்ல வேண்டும் என்றால், நாம் பணம் கொடுத்து வாங்குவது அந்த வரலாற்றில் உருவான பாடமுறையைத்தான். அது எப்படி இருக்கும் என்பதை ஒரு மாலை வகுப்பைக் கொண்டே சொல்கிறேன்.

வகுப்பின் முதல் நாற்பது நிமிடம் கிஹோன், அதாவது அடிப்படை. வரிசையாக நின்று, ஆசிரியர் ஜப்பானிய எண்களைச் சொல்லச் சொல்ல, கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓர் அடி, ஒரு குத்து. மறுமுனையில் திரும்பி, அதையே மீண்டும். இச், நி, சன், ஷி, கோ. அவருடைய லங்காஷயர் நாக்கில் 'இச்சி' என்பது 'இச்' என்று முடிவதை நான் பிழை என்று நினைத்திருந்தேன். ஜப்பானியரும் அந்தக் கடைசி இகரத்தை விழுங்கித்தான் சொல்வார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. ஐம்பது ஆண்டுக்கு முன் காதால் கேட்டதை அவர் அப்படியே வைத்திருக்கிறார். கட்டளைகள், எண்கள், உத்திகளின் பெயர்கள் அனைத்தும் ஜப்பானிய மொழியில் இருப்பது முதலில் வெறும் பாவனையாகத் தோன்றும். ஆனால் எங்கள் வகுப்பில் போலந்துக்காரர், சோமாலியர், குஜராத்தி, யாழ்ப்பாணத்துப் பையன்கள் இருவர், மதுரைக்காரனான நான் என்று கலந்து நிற்கும்போது, யாருடைய மொழியும் அல்லாத ஒரு மொழியில் எல்லோரும் ஒரே நேரத்தில் அடியெடுத்து வைக்க முடிகிறது. ஊர் ஊராகப் பரவுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருந்திருக்க முடியாது.

என்னைத் தேர்வில் கவிழ்த்த குதிகால் விவரம் இந்தக் கிஹோனில்தான் இருக்கிறது. முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு நிற்கும் நிலைக்கு சென்குத்சு-தாச்சி என்று பெயர். குத்து கையிலிருந்து புறப்படுவதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் அது பின்குதிகால் தரையை அழுத்துவதில் தொடங்குகிறது. அந்த அழுத்தம் காலின் வழியாக இடுப்பைத் திருப்ப, இடுப்பு தோளைத் திருப்ப, கடைசியில் முஷ்டி இலக்கை எட்டும் கணத்தில் மறுகை விலாவுக்கு இழுபட்டு நிற்க வேண்டும். குதிகால் ஒரு விரற்கடை எழும்பினாலும் அந்தத் தொடர் அறுந்துவிடும். முஷ்டி போய்ச் சேரும், கூடவே ஒன்றும் போகாது. ஆசிரியர் இதைச் சொற்பொழிவாகச் சொல்வதில்லை. பழைய வாழ்த்து அட்டை ஒன்றை எடுத்து உங்கள் பின்குதிகாலுக்கு அடியில் வைப்பார். நீங்கள் குத்தும்போது மெல்ல இழுப்பார். அட்டை அவர் கையோடு வந்துவிட்டால் குதிகால் எழும்பிவிட்டது என்று பொருள். அவ்வளவுதான் பாடம். நாற்பது வயதுக்கு மேல் கணுக்கால் இறுகிப்போனவர்களிடம் அட்டை மிக எளிதாக வந்துவிடும்.

அடுத்தது கட்டா, கற்பனை எதிரிகளோடு செய்யும் இயக்க வரிசை. தொடக்கநிலையினர் கற்பது ஹெயான் ஷோதான், 21 இயக்கங்கள். ஹெயான் வரிசையில் மொத்தம் ஐந்து கட்டாக்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவாவின் பள்ளிக்கூடங்களில் கராத்தேயைப் பாடமாக வைக்க முயன்றபோது ஆன்கோ இதோசு என்பவர் வகுத்தவை. பெருங்கூட்டத்தை வரிசையில் நிறுத்தி, எண்ணிக்கை சொல்லி, ஒரே நேரத்தில் செய்ய வைக்கும் இந்த முறை பள்ளிக்கூட உடற்பயிற்சி வகுப்பின் வாசனை கொண்டது. குருவின் வீட்டில் இரண்டு மூன்று பேர் தங்கிக் கற்கும் வித்தையாகவே இருந்திருந்தால், லண்டனில் முப்பது பேருக்கு ஒருவர் கற்பித்திருக்க முடியாது. மூன்றாவது பகுதியாகக் குமித்தே, இணையாக நின்று மோதுவது. எங்கே தாக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லித் தாக்கும் முறையில் தொடங்கி, மெல்ல மெல்லத்தான் சுதந்திர மோதலுக்கு விடுகிறார்கள். என் மகளுக்கு இதுவரை ஒரே ஒருமுறை உதட்டில் அடிபட்டது. அடித்த பையன்தான் அதிகம் அழுதான்.

இனித் தேர்வு. எங்கள் சங்கத்தில் வெள்ளைக்குப் பின் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா, பழுப்பு என்று நிறங்கள் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேர்வு நடந்தாலும், எல்லோரையும் எழுப்பி நிறுத்துவதில்லை. ஆசிரியர் தயார் என்று சொன்னால்தான் விண்ணப்பிக்க முடியும். தேர்வாளர் வெளியிலிருந்து வருவார். சொந்த ஆசிரியரே மதிப்பெண் போடுவதில்லை. நான் பச்சையிலிருந்து ஊதாவுக்குப் போக வேண்டியவன். பதினான்கு பேரில் நாங்கள் மூவர் தவறினோம். கட்டிய பணம் திரும்ப வரவில்லை. ஆனால் கையில் கொடுத்த தாளில், எந்த உத்தியில், எந்தக் காலில், என்ன பிழை என்று மூன்று வரிகள் இருந்தன. முன்பு போன இடத்தில் ஒன்பது மாதத்தில் நான்கு முறை தேறிய மகளுக்கு அப்படி ஒரு வரிகூட யாரும் எழுதித் தரவில்லை. நக்கயாமாவின் பயிற்றுநர்கள் தங்கள் பெட்டியில் கொண்டுவந்த சரக்கு இந்த மூன்று வரிதான் என்பது என் கணிப்பு. செய்துகாட்டல்களும் ஓடு உடைத்தலும் கூட்டம் சேர்த்திருக்கலாம். கூட்டம் தங்கியது, தவறைச் சுட்டத் தெரிந்த ஆள் கிடைத்ததால்தான்.

குறைகளும் அதே பெட்டியில் வந்தவைதான். ஏன் என்ற கேள்விக்கு இந்த வகுப்பில் இடம் குறைவு. ஒரு தடுப்பைக் கற்கிறோம்; அது எந்தத் தாக்குதலுக்கு, எந்தத் தூரத்தில் பயன்படும் என்பது பழுப்புப் பட்டை வரை பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஆசிரியரும் கேள்வி கேட்காமல் கற்றவர், அப்படியே கற்பிக்கிறார். தற்காப்புக்காக அவசரமாக ஏதாவது தெரிய வேண்டும் என்று வருபவர்களுக்கு இந்த வகுப்பு சரிப்படாது; ஆறு மாதம் கழித்தும் அவர்கள் கூடத்தின் குறுக்கே நடந்துகொண்டுதான் இருப்பார்கள். உடல் சூடேற்றும் பயிற்சிகள் பழங்காலத்தவை. குனிந்து துள்ளித் துள்ளித் தசையை நீட்டுகிறார்கள். முதல் குளிர்காலத்தில் என் முழங்கால் வீங்கியது இதனால்தான் என்று இயன்முறை மருத்துவர் சொன்னார். இப்போது பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய் நானே உடலைத் தயார் செய்துகொள்கிறேன். கூடத்தில் வெப்பமூட்டி வேலை செய்வது சங்கப் பொருளாளரின் மனநிலையைப் பொறுத்தது. சிறப்புப் பயிற்சி நாட்களுக்குக் கட்டாயம் இல்லை என்று சொன்னாலும், போகாதவர்களைத் தேர்வுக்கு அனுப்பத் தயங்குகிறார்கள். ஆண்டுக்கு மூன்று நான்கு ஞாயிறுகளும் அவற்றின் கட்டணமும் இதில் போகும் என்பதை வீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டுப் போட்டியில் பதக்கம் வாங்க வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கராத்தே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது, 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் மட்டும்தான். 2024 பாரிஸில் இல்லை. எனினும் அந்தப் போட்டி விதிகளின்படி துள்ளும் காலோடும் மின்னல் வேகத்தோடும் பயிற்சி தரும் சங்கங்கள் லண்டனில் உண்டு, அவை வேறு வகை. எங்கள் ஆசிரியர் ஆண்டுக்கு ஒரு போட்டிக்கு அழைத்துப் போவார். தோற்றால் ஐஸ்கிரீம் வாங்கித் தருவார், ஜெயித்தாலும் அதே ஐஸ்கிரீம்தான்.

சேர்வதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, சான்றிதழ் யாருடையது என்பது. ஷோட்டோகான் ஒரே குடும்பமாக இல்லை. கனசாவா 1970-களின் இறுதியில் பிரிந்து தம் சொந்த அமைப்பைத் தொடங்கினார். நக்கயாமா 1987-இல் இறந்ததும் ஜப்பான் கராத்தே சங்கமே இரண்டாகி, பெயர் யாருக்கு என்ற வழக்கு 1999-இல்தான் தீர்ந்தது. பிரிட்டனில் எனோயேடாவின் மறைவுக்குப் பின், ஆன்டி ஷெர்ரியின் தலைமையில் பழைய ஒன்றியம் ஒரு வழியிலும், ஜப்பான் சங்கத்தின் இங்கிலாந்துக் கிளை வேறொரு வழியிலும் பிரிந்து சென்றன. இவை தவிர, ஒரு கூடமும் ஒரு சின்னமும் மட்டுமே கொண்ட சிறு சங்கங்களும் உண்டு. பயிற்சியில் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. பார்த்த இடங்களில் எல்லாம் அதே 21 இயக்கங்கள்தான். ஆனால் வேலை மாறி வேறு ஊருக்குப் போகும்போது ஒரு சங்கத்தின் பழுப்புப் பட்டையை இன்னொரு சங்கம் ஏற்காமல் இரண்டு படி இறக்கி நிறுத்துவது நடக்கிறது. எங்கள் வகுப்பிலேயே பர்மிங்ஹாமிலிருந்து வந்த ஒருவர் மீண்டும் பச்சைப் பட்டையில் தொடங்கினார். ஆகவே, "கறுப்புப் பட்டைச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பதில் தயங்கி வந்தால் யோசியுங்கள்.

மற்றபடி சில்லறை விவரங்கள். முதல் இரண்டு வகுப்புகள் இலவசம்; அதற்கு விளையாட்டு உடையே போதும். கராத்தே உடையைச் சங்கத்திலேயே வாங்கலாம். முதல் சலவையில் சுருங்கும் என்பதால் ஓர் அளவு பெரிதாக எடுப்பது நல்லது. நாங்கள் சரியான அளவில் எடுத்து, மகளின் கணுக்காலும் மணிக்கட்டும் வெளியே தெரிய ஆறு மாதம் ஓட்டினோம். பெற்றோர் சமையலறைப் பக்கம் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டு. கைபேசியில் படம் எடுக்க அனுமதி இல்லை. பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே வகுப்பில் நிற்பதால், பட்டை வரிசைப்படி மகள் இப்போது எனக்கு முன்னால் நிற்கிறாள். வகுப்பு முடிவில் ஐந்து விதிகளை உரக்கச் சொல்லும் வழக்கம் உண்டு. ஒவ்வொரு விதியும் ஜப்பானிய மொழியில் 'ஹிதோத்சு', அதாவது 'ஒன்று' என்றே தொடங்கும். இரண்டு, மூன்று என்று எண் ஏறாது. ஐந்தும் சமமானவை என்பதால் அப்படி என்று விளக்கம் சொல்கிறார்கள். மூத்த பட்டைக்காரர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். சென்ற மாதம் அந்த வேலை மகளுக்கு வந்தது. நான் பின்வரிசையிலிருந்து திருப்பிச் சொன்னேன்.

மறுதேர்வு மார்ச்சில். கடந்த செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்த பிறகு ஆசிரியர் என்னை மட்டும் நிறுத்தி, அந்த வாழ்த்து அட்டையைக் குதிகாலுக்கு அடியில் வைத்துப் பத்துக் குத்து போடச் சொன்னார். இரண்டு முறைதான் அட்டை வந்தது. "இரண்டு" என்று சொல்லிவிட்டு, படத்தைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு விளக்கை அணைக்கப் போனார்.